பாலைவனத்துக்குக் கலியாணம் சொல்லப் போன கதை

லண்டன் இல்ஃபோர்டில் கலியாணம் சொல்லிப் பழகியவனுக்கு, உலகத்தில் எந்த மூலைக்கும் போய்ச் சொல்லிவிடலாம் என்றொரு தலைக்கனம் இருக்கும். எனக்கும் இருந்தது. சனி, ஞாயிறுகளில் நானும் மனைவி வதனியும் அழைப்பிதழ்க் கட்டோடு காரில் ஏறுவோம். ஈஸ்ட் ஹாமில் சில வீடு, விம்பிள்டன் பக்கம் சில வீடு. ஏறிய வீடெல்லாம் தேநீர், ஏறிய வீடெல்லாம் "ஓம், கட்டாயம் வருவம்" என்ற பதில். அதில் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் நேரில் போய்ச் சொல்லாவிட்டால் வரவேண்டியவர்களும் வரமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பி உறவு முறிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை டானியல் அமெரிக்கன். என் மகள் சங்கவி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அவனும் படிப்பிக்கிறான். தாய் காலமாகிவிட்டார். தகப்பன் வெஸ்லி, நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஊர் என்று சொல்ல முடியாத ஒரு பாலைவனத்தில் தனியாக இருந்து கல் பொறுக்குகிறார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மனைவியை இழந்தவர் மணவறையில் இருந்து கிரியை செய்வதில்லை என்பதால், மாப்பிள்ளையின் தாய் தகப்பன் இடத்தில் நிற்க எங்கள் தெருவில் இருக்கும் குகன் அண்ணையையும் அவருடைய மனைவியையும் முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்துவிட்டோம். எங்கள் ஆட்களிடையே இது வழமையான விஷயம்.

அதன் பிறகு டானியல் போனில் தகப்பனைக் கூப்பிட்டான். லண்டன் வருவது சரிவராது என்று அவர் சொல்லிவிட்டாராம். டானியல் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான். சங்கவி ஒருநாள் குசினியில் நின்று அழுதாள். "அப்பா, அவனுக்கு வேற ஒருத்தரும் இல்லை. அவர் வரேல்லையெண்டால் அவன் என்னைக் கட்டுற நாள் முழுக்க வாசலையே பாத்துக்கொண்டு நிப்பான்."

"போனிலை கேட்டால் ஆர் வருவினம்?" என்றாள் வதனி. "நீங்கள் நேர போய், வீடேறிச் சொல்லுங்கோ. சம்பந்தி எல்லே."

அவளுக்கு மருந்துக்கடையில் லீவு கிடைக்கவில்லை. நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். நான் ஒரு கிழமை இல்லாவிட்டால் என் மாணவர்களுக்கும் இல்ஃபோர்ட் வீதிகளுக்கும் நிம்மதி. ஆகவே அழைப்பிதழ் ஒன்று, பயத்தம் பணியாரம் ஒரு டின், முறுக்கு ஒரு டின் என்று கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அமெரிக்க விமான நிலைய அதிகாரி பணியாரத்தை மணந்து பார்த்து "இது என்ன?" என்றார். "கலியாணம்" என்றேன். அவர் குழம்பினார். அந்தப் பயணத்தில் வேறொருவர் குழம்பியது அந்த ஒரு தடவைதான். மிச்சக் குழப்பமெல்லாம் என்னுடையது.

டானியல் சொல்லி வைத்தபடி, வெஸ்லி விமான நிலையத்துக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றார். நெட்டையான ஆள், எழுபதைத் தாண்டியிருக்கும், மொட்டைத் தலையில் மண் நிறத் தொப்பி. சட்டைப் பையில் ஒரு சீப்பு நீட்டிக்கொண்டிருந்தது. மொட்டைத் தலைக்குச் சீப்பு எதற்கு என்பது என் முதலாவது குழப்பம். இரண்டாவது, நான் போய் ஏறிய இருக்கை. பழக்கதோஷத்தில் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். லண்டனில் பழக்குகிறவனின் இடம் அது. அமெரிக்காவில் அங்கேதான் ஸ்டியரிங் இருந்தது. வெஸ்லி கதவருகே நின்று என்னைப் பார்த்தார். "நீர் ஓட்டப் போகிறீரா?" என்றார். அவர் பேசியதை 'நீர்' என்றுதான் எழுதுகிறேன். 'நீங்கள்' அவருடைய வாய்க்குப் பொருந்தாது.

தார்ச்சாலை முடிந்தது. மண்சாலையும் முடிந்தது. பிறகு இரண்டு சக்கரத் தடம், பிறகு அதுவும் இல்லை. சிக்னல் போடுவதற்கு ஒரு சந்தி இல்லை, சிக்னலைப் பார்ப்பதற்கு ஒரு மனிதர் இல்லை. பழக்கும் காரில் என் காலடியில் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு. அந்த ட்ரக்கில் அது இல்லை என்று தெரிந்தும் என் கால் வழி முழுக்க அதைத் தேடி மிதித்துக்கொண்டே வந்தது. வெஸ்லி அதைக் கவனித்தார்.

அவருடைய வீடு ஒரு நீண்ட டிரெய்லர். சுற்றிவரக் கறுத்த எரிமலைக் குன்றுகள், எண்ணெய் பூசியது போல மினுங்கும் பற்றைகள், வானம். வாசலில் கோப்பி டின்கள், பெயின்ட் வாளிகள், பழைய குளியல் தொட்டி ஒன்று. எல்லாம் நிறையக் கல். எனக்குத் தலைக்குள் ஒரே எண்ணம்தான்: வீட்டுக்குள் போக வேண்டும், உட்கார வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும், பிறகு எழுந்து நின்று இரு கையாலும் அழைப்பிதழைக் கொடுக்க வேண்டும். வெஸ்லியோ வெளியில் இரண்டு மடக்குக் கதிரைகளை விரித்தார். வீடேறாமல் எப்படிச் சொல்வது? கொஞ்சம் யோசித்தேன். பிறகு, இந்த ஆளுக்குப் பாலைவனம்தானே வீடு, அதன் நடுவில்தானே இருக்கிறோம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு எழுந்து நின்றேன். டின்களையும் அழைப்பிதழையும் நீட்டினேன். "உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் கலியாணம். நீங்கள் கட்டாயம் வந்து சிறப்பிக்க வேண்டும்" என்று விமானத்தில் பாடமாக்கிய ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் அழைப்பிதழைக் கவனமாகப் படித்தார். தங்க நிறப் பிள்ளையாரை விரலால் தடவிப் பார்த்தார். "அழகாக இருக்கிறது" என்றார். "வரமாட்டேன்" என்றார். பிறகு, "பசிக்கிறதா?" என்றார்.

நான் அப்படியே நின்றேன். எங்கள் ஊரில் ஒருவரும் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்வதில்லை. வராதவர்தான் இன்னும் உறுதியாக வருவேன் என்பார். கோபமா என்று பார்த்தால் அவர் எனக்கு அவரை விதைச் சூப் ஊற்றுகிறார், ரொட்டி சுட்டுத் தருகிறார், முறுக்கைக் கடித்துவிட்டு இன்னொன்று எடுக்கிறார். வரமாட்டேன் என்று சொன்ன வீட்டில் எனக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும்? ஆனால் இறங்கியது. பச்சை மிளகாய் போட்ட சூப், உறைப்பென்றால் அப்படி ஓர் உறைப்பு. ஹீத்ரோவை விட்டபின் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது அதுதான்.

மறுநாள் வெயில் ஏறுமுன்பே எழுப்பினார். "கல்லுக்குப் போகிறோம்" என்றார். நான் கல்லுக்கு வரவில்லை, கலியாணத்துக்கு வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பையையும் தண்ணீர்ப் போத்தலையும் என் கையில் திணித்துவிட்டார்.

அவர் தேடுவது அகேட். வெளியே பார்த்தால் தோல் காய்ந்த உருளைக்கிழங்கு. உடைத்தால் உள்ளே பட்டை பட்டையாக, வெங்காயம் வெட்டியது போல, சாம்பல், சிவப்பு, நீலம். எரிமலைப் பாறையின் பொந்துகளில் காலங்காலமாக ஊறி உறைந்ததாம். பாறை உதிர்ந்து போக, கல் மட்டும் மிஞ்சி வாய்க்கால்களில் உருண்டு கிடக்கும். அதைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. காலை வெயில் சாய்வாக விழும்போது சூரியனைப் பார்த்து நடக்க வேண்டும். மற்றக் கல்லெல்லாம் கறுப்பாகத் தெரியும், அகேட் மட்டும் உள்ளே விளக்கேற்றியது போல ஒளிவிடும். அவருக்கு ஒளிவிட்டது. எனக்குக் கண் கூசியது. நான் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு பெருமையோடு போய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். பை காலியானது. "நல்ல கற்கள்" என்றார். "இங்கேயே இருக்கட்டும்."

பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு கல்லை எடுத்தார், துடைத்தார், நாக்கை நீட்டி நக்கினார். ஈரமானால்தான் உள்ளிருக்கும் நிறம் தெரியுமாம். நக்கிய கல்லை அப்படியே என்னிடம் நீட்டினார். நான் அதை இரண்டு விரல் நுனியால் வாங்கினேன். பிறந்த நாள் முதல் எச்சில், எச்சில் என்று கேட்டு வளர்ந்தவன். போத்தலை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற சாதி நாங்கள். கல்லில் சிவப்பு இழைகள் பாசி போல ஓடிக்கொண்டிருந்தன. அழகுதான். ஆனால் எங்கே துடைப்பது என்ற யோசனையில் அழகைப் பார்க்க முடியவில்லை.

அந்த யோசனையோடு பின்னால் நகர்ந்து ஒரு கள்ளிச்செடியில் உட்கார்ந்துவிட்டேன். அதன் துண்டொன்று பிய்ந்து என்னோடு வந்தது. எந்த இடத்தில் என்று எழுத மாட்டேன். வெஸ்லி பதறாமல் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். முட்களுக்கிடையே சீப்பைக் கொடுத்து ஓர் இழுப்பு, கள்ளி பறந்தது. மொட்டைத் தலையரின் சீப்புக்கு அர்த்தம் விளங்கியது. அந்த ஆள் சம்பந்தமாக எனக்கு அதுவரை விளங்கியது அது ஒன்றுதான்.

மத்தியானம் பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். பரிசாரகி வந்து என்னைப் பார்த்து, "சிவப்பா, பச்சையா?" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. இரண்டும் என்றேன், பாதுகாப்புக்காக. "அப்படியென்றால் கிறிஸ்மஸ்" என்று எழுதிக்கொண்டு போனாள். மாசி மாதத்தில் கிறிஸ்மஸா? நாங்கள் சைவக்காரர், கொண்டாடுவதில்லை என்று அவளுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன். வந்த தட்டில் ஒரு பக்கம் சிவப்பு மிளகாய்க் குழம்பு, மறுபக்கம் பச்சை மிளகாய்க் குழம்பு, நடுவில் அவரை விதையும் பாலாடைக்கட்டியும். நெற்றி வியர்க்கச் சாப்பிட்டேன். வதனி கண்டிருந்தால், தன் சமையலுக்கு நான் ஒருநாளும் இப்படி வியர்த்ததில்லை என்று கோபித்திருப்பாள்.

பக்கத்து மேசையில் இரண்டு மாட்டுப் பண்ணைக்காரர்கள். எங்களைப் பற்றித்தான் பேசினார்கள், குரலையும் தாழ்த்தவில்லை.

"அந்த ஆள் லண்டனிலிருந்து வந்திருக்கிறாராம்."

"கல்லுக்கா? ஏன், அங்கே கல் இல்லையா?"

"வெஸ்லியோடு வேறொருவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. மனைவி போன பிறகு இல்லை."

வெஸ்லிக்கும் கேட்டிருக்க வேண்டும். உப்பை எடுத்துத் தட்டில் போட்டார், போட்டதையே மறந்து திரும்பவும் போட்டார்.

மூன்றாம் நாள் ட்ரக் மணலில் புதைந்தது. காய்ந்த ஆற்றுப்படுகை ஒன்றைக் கடக்கும்போது பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின. தொழில்காரன் என்ற முறையில் நான் ஆலோசனை சொன்னேன்: மெதுவாக முதலாம் கியர், மெதுவாகக் கிளட்ச். இன்னும் இறங்கியது. வெஸ்லி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, சக்கரங்களின் காற்றைப் பாதி திறந்துவிட்டார். காற்றுப் போன சக்கரத்தால் மணலில் ஏற முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பிறகு மண்டியிட்டு மணலைத் தோண்டத் தொடங்கினார். நான் மறுபக்கத்தில் தோண்டினேன்.

தோண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அவராகவே சொன்னார்.

"டானி சொன்னான். அவனுக்குத் தாய் தகப்பனாக நிற்க ஒரு சோடியை ஒழுங்குபடுத்திவிட்டீர்களாம். நல்ல மனிதர்களாம். பிறகு நான் எதற்கு?"

நான் விளக்கத் தொடங்கினேன். அது உங்களுக்குப் பதிலாக அல்ல, கிரியைக்கு மட்டும்தான் என்றேன். கிரியைக்குச் சோடியாக இருப்பவர்கள்தான் வேண்டும், மனைவி இல்லாதவர் செய்வதில்லை, அது மங்கலம் இல்லை என்பார்கள் என்றேன். நீங்கள் முன்வரிசையில் வடிவாக உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன். தமிழில் ஒருநாளும் பிழையாகத் தெரியாத சங்கதி, ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனமும் முந்தினதைவிட மோசமாக வந்து விழுந்தது. மனைவி செத்தது இந்த மனிதரின் குற்றம் என்று நானே அவருடைய மணலில் முழங்காலிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐயாயிரம் மைல் பறந்து வந்து, வா, வந்து உன் மகனுக்கு வேறொருவர் தகப்பனாக நிற்பதைப் பார் என்று அழைப்பிதழ் நீட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இது இத்தனை நாளும் எனக்கும் வதனிக்கும் ஏன் உறைக்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

"அந்தச் சோடி வேண்டாம்" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று தெரியாது. "நீங்கள்தான் நிற்கிறீர்கள். தனியாகவே நில்லுங்கள்."

அவர் தோண்டுவதை நிறுத்தினார். "நின்று?"

நின்று என்ன செய்ய வேண்டும்? யோசித்து யோசித்துச் சொன்னேன். தேங்காய் மாற்ற வேண்டும். ஐயர் உங்கள் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களைக் கேட்பார், சபையில் உரத்துச் சொல்லுவார். நான் மகளின் கையை உங்கள் மகனின் கையில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு டானியல் குனிந்து சங்கவியின் காலைத் தூக்கி ஒரு கல்லின் மேல் வைப்பான்.

"கல்லா?" என்றார் வெஸ்லி. "என்ன கல்?"

"அம்மி" என்றேன். "அரைக்கிற கல். கல்லைப் போல உறுதியாக இருக்க வேண்டும் என்று."

"அது விளங்குகிறது. என்ன கல்?"

எனக்குத் தெரியவில்லை. மணவறை கட்டுகிறவர்கள் வேனில் கொண்டு வருவார்கள். கறுப்பாக இருக்கும். கலியாணம் முடிய வேறு மண்டபத்துக்குப் போய்விடும். அதைச் சொன்னேன். வெஸ்லி தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைத் துடைத்தார். அவர் முகத்தில் அந்த மூன்று நாளில் நான் காணாத ஒரு கலவரம்.

"உம்முடைய மகள் வாழ்க்கையைத் தொடங்கக் கால் வைக்கிற கல், என்ன கல்லென்று உமக்குத் தெரியாதா?"

ட்ரக் வெளியே வந்தது. பெட்ரோல் நிலையத்தில் சக்கரத்துக்குக் காற்று அடிக்கப் போனோம். அங்கேதான் போனுக்குத் தொடர்பு கிடைக்கும். லண்டனில் அப்போது வதனி வேலை முடிந்து வந்திருப்பாள்.

"என்ன, சொல்லியாச்சே?" என்றாள்.

"சொன்னன்."

"என்னவாம்?"

"கல்லுத் தேடுறார்."

"என்னது?"

"வதனி, குகன் அண்ணை சோடியை வேண்டாமெண்டு சொல்லும். வெஸ்லியே தனிய நிண்டு செய்யட்டும். அதாலைதான் அந்தாள் வரமாட்டன் எண்டது."

"உங்களுக்கு வெயில் பட்டிட்டுதே? பெண்சாதி இல்லாத மனிசன் மணவறையிலை நிண்டால் ஆக்கள் என்ன கதைப்பினம்? என்ரை பிள்ளையின்ரை கலியாணமப்பா. ஏதும் ஒண்டு நடந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க அதையெல்லே நினைப்பன்."

"நான் அவரிட்டைச் சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

நான் சக்கரத்தில் காற்று ஏறுவதைப் பார்த்தேன். "வாங்கோ, வந்து கதைப்பம்" என்று போனை வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் 'வந்து கதைப்பம்' என்றால் போர் நிற்கவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதன் பிறகு வெஸ்லி வேறு மனிதர். உருளைக்கிழங்கு போன்ற கற்களை இப்போது திரும்பியும் பார்க்கவில்லை. பாறை வெடிப்புகளுக்குள் பலகை போலப் படிந்த அகேட் இருக்குமாம், அதைத்தான் தேடினார். மேல்பக்கம் மட்டமாக இருக்க வேண்டும், விளிம்பு கால் வெட்டாமல் இருக்க வேண்டும். ஆடு ஏறத் தயங்கும் இடமெல்லாம் ஏறினார். நான் பின்னால் இளைத்துக்கொண்டு போனேன். ஒரு கல்லைக் காட்டினால், "இதில் விரிசல் இருக்கிறது. விரிசல் உள்ளதில் காலை வைக்கலாமா?" என்று என்னையே கேட்பார். இன்னொன்று நிறம் போதாது. இன்னொன்று வழுக்கும். கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கப் போன வதனியும் சங்கவியும் ஈஸ்ட் ஹாம் கடைகளில் இப்படித்தான் நின்றார்கள். அங்கேயும் நான் இப்படித்தான் ஒன்றும் விளங்காமல் பின்னால் நின்றேன்.

இதற்கிடையில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் சொன்ன வாக்கு வதனி ஒப்புக்கொள்ளாத வாக்கு. அவர் அதற்குப் பிறகும் ஒருமுறைகூட வருகிறேன் என்று சொல்லவில்லை. வராத மனிதரா இப்படிக் கல் தேடுவார்? அல்லது, கல்லை என்னிடம் கொடுத்துவிட்டு, என் பங்குக்கு இது போதும் என்று இருந்துவிடுவாரா? கேட்டால் மறுபடியும் 'வரமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாரோ என்று கேட்கவும் துணிவில்லை.

கடைசி நாள் கல் அகப்பட்டது. கறுத்த பாறையின் வெடிப்பில், சாப்பாட்டுத் தட்டளவு, மூன்று விரல் தடிப்பு. உளியால் மெல்ல மெல்ல நெம்பி எடுத்து மடியில் கிடத்தினார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் வண்டியில் இருந்தது. அவர் நக்கினார். நடுவில் வெளிறிய நீலம், அதைச் சுற்றி வெள்ளைப் பட்டைகள், ஓரத்தில் சிவப்பு. அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன், ஆனால் மறுபாதி இன்னும் மண்ணாக இருந்தது. "அந்தப் பக்கம்?" என்றேன். "பாரும்" என்று நீட்டினார். ஒரு கணம்தான் யோசித்தேன். பிறகு நானும் நக்கினேன். புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை, மழை பெய்யத் தொடங்கும்போது வருமே ஒரு வாசம், அது நாக்கில் இருந்தது. மறுபாதியிலும் நீலம்.

"சப்பாத்தைக் கழற்றும்" என்றார்.

"ஏன்?"

"காலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். என்னுடைய காலை நானே பிடித்து வைக்க முடியாது. உம்முடையதுதான் இருக்கிறது."

மணலைச் சமப்படுத்திக் கல்லை வைத்தார். நான் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். அவர் முழங்கால் மொறுமொறுக்க என் முன்னால் மண்டியிட்டார். "எப்படிப் பிடிப்பான்?" என்றார். "இப்படித்தான், குதிக்காலில் ஒரு கை, விரல் பக்கம் ஒரு கை" என்று சொன்னேன். சொல்லி முடிய முன் என் வலது காலைத் தூக்கிவிட்டார். என்னிலும் எவ்வளவோ மூத்தவர். என் காலைத் தொடுகிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, காலை இழுக்கவும் முடியவில்லை. மெதுவாகக் கொண்டு போய்க் கல்லில் வைத்தார், வைத்த கையை உடனே எடுக்கவில்லை. குளிர்ந்த கல், மேலே அவருடைய சூடான காய்த்த கை. நான்கு பக்கமும் ஓர் ஈ, காகம் இல்லை. இல்ஃபோர்டில் கார் பழக்குகிறவன் ஒரு காலைக் கல்லில் வைத்து நிற்கிறான், அமெரிக்கக் கிழவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். நான் சிரிக்கத்தான் நினைத்தேன். கண்தான் கலங்கியது.

"ஆடவில்லை" என்றார் வெஸ்லி. "அவள் விழமாட்டாள்."

புறப்படும் நேரம் என் பெட்டியைத் திறந்து, உடுப்பையெல்லாம் ஒதுக்கி, நடுவில் கல்லுக்கு இடம் செய்து வைத்தேன். வெஸ்லி கல்லைப் பழைய கம்பளியில் சுற்றி எடுத்து வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "உம்முடைய பெட்டிக்கு இது பாரம்" என்றார். கல்லைக் கொண்டு போய் ட்ரக்கின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில், சீப்புக்குப் பக்கத்தில் போட்டார். எனக்குக் கோப்பி டின் ஒன்றில் சின்னச் சின்ன அகேட்டுகள் தந்தார், வதனிக்காம். விமான நிலைய வாசலில் கையைப் பிடித்து, "அப்போ கலியாணத்துக்கு?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "போகிற வழியில் தூங்கும்" என்றார். இது ஒரு பதிலா? ட்ரக் போய்விட்டது.

விமானத்தில் நான் தூங்கவில்லை. நாள்கணக்கில் மலையேறித் தேடிய கல், காலால் அளந்து பார்த்த கல், அதையும் பூட்டி வைத்துக்கொண்டார். கல்லும் இல்லை, பதிலும் இல்லை, வீட்டில் போர் வேறு காத்திருக்கிறது. இந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வீட்டில் வதனி தேநீரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரமாட்டேன் என்றது, மணலில் புதைந்தது, குகன் அண்ணை சோடியைப் பற்றி அவர் கேட்டது. கல்லில் என் காலை வைத்துப் பார்த்ததைச் சொன்னபோது, கோப்பி டின்னைக் கிளறிக்கொண்டிருந்த அவளுடைய கை நின்றது.

"முழங்காலிலை இருந்தவரே?"

"ஓம்."

"உங்கடை காலைக் கையாலை பிடிச்சவரே?"

"ஓம் எண்டுறன். சங்கவி விழமாட்டாள் எண்டு சொன்னவர்."

வதனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்ப கல்லு ஆரிட்டை?" என்றாள்.

"அதைத்தானே சொல்லுறன். எனக்குத் தரேல்லை. பாரமாம். தன்ரை வண்டியிலை வைச்சுப் பூட்டிப்போட்டார். வாறதெண்டும் சொல்லேல்லை, வராததெண்டும் சொல்லேல்லை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, வதனி."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், முதல் பாடத்துக்கே கார் சாவியைத் தொலைத்துவிட்டு வரும் மாணவனை நான் பார்க்கும் பார்வை இருந்தது. போனை எடுத்தாள். முதலில் குகன் அண்ணை வீடு. "அக்கா, குறை நினையாதேங்கோ, நேர வந்து சொல்லுறன்," என்று தொடங்கி நெடுநேரம் கதைத்தாள். அடுத்தது மணவறை கட்டுகிறவர்.

"தம்பி, அம்மிக்கல்லு நீங்கள் கொண்டு வரவேண்டாம். ஓம், மாப்பிள்ளையின்ரை தேப்பன் கொண்டு வாறார். பிறகு, மாப்பிள்ளைப் பகுதிக்கு ரெண்டு கதிரை எண்டெல்லே சொன்னனான்? ஒண்டு போதும்."